கும்பகோணத்துப் பையனும் ஒரு டியூஷன் நோட்ஸும்

ஹாஸ்டல் மெஸ்ஸில் ரிசல்ட் வந்த ராத்திரியெல்லாம் நடக்கும் பட்டிமன்றம் ஞாபகம் இருக்கிறதா? 'அவனுக்கென்னடா, பிறவி மூளை. நாமதான் மாடா உழைக்கணும்' என்று ஒரு கட்சி. அந்தக் கட்சியின் துருப்புச் சீட்டு எப்போதும் கணிதமேதை ராமானுஜன்தான். படிக்காமலே மேதை ஆனவராம்! அவருடைய பள்ளி இறுதி வருஷத்தைப் பார்த்தால் அந்தச் சீட்டு செல்லாது.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக் கடை குமாஸ்தா. டவுன் ஹைஸ்கூலில் மெட்ரிகுலேஷன் எழுதிய அதே 1903-ல், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவருக்கு இரவலாகக் கிடைத்தது. கார் யார்? லண்டனில் டியூஷன் வாத்தியார். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்தபோது சேர்த்த குறிப்புகள்தான் அந்தப் புத்தகம். நம் பாஷையில் சொன்னால் கைடு! சுமார் 5,000 முடிவுகள். நிரூபணம் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் ஒரு வரி.

நாமாக இருந்தால் 'இம்பார்ட்டன்ட்' என்று கோடு போட்டு மனப்பாடம் செய்திருப்போம். அவரோ ஒவ்வொன்றையும் புதுக் கணக்காக எடுத்துக்கொண்டு தானே போட்டுப் பார்த்தார். பேப்பர் வாங்க வசதி ஏது? சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். முழங்கை கறுத்தே போனதாம். இதையா உழைக்காத மூளை என்கிறோம்?

1904-ல் பள்ளியில் கணிதப் பரிசு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் திறமை காட்டியவர்களுக்குத் தருவது அது. அப்படிப்பட்டவர் அடுத்து ஆங்கிலத்தில் ஃபெயில், உதவித்தொகையும் போச்சு. ஒரு வருஷத்தில் மூளை மழுங்கிவிடுமா என்ன? கணக்கைத் தவிர வேறு புத்தகத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான். 1905-ல் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினம் ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906, 1907 இரண்டு முறையும் எஃப்.ஏ. தேறவில்லை, உடலியல் பாடம் காலை வாரிவிட்டது. அந்த நாலைந்து வருஷம் அந்தக் குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யாரும் பேசுவதில்லை.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா. அங்கே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நம்ம ஜாதி, இன்ஜினீயர்! மேலாளர் நாராயண ஐயர் கணிதம் படித்தவர். ராத்திரி அவர் வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். இவர் பத்து ஸ்டெப்பை ஒரே ஸ்டெப்பாகத் தாண்டுவார். ஐயர் விடமாட்டார், மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி இடையில் உள்ளதையும் எழுதச் சொல்வார். பள்ளிக் கடைசி வருஷத்தில் அந்தக் கைடிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் லேசில் போகவில்லை.

1913-ல் பட்டமே இல்லாதவருக்கு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி தந்தது. 1914-ல் கேம்பிரிட்ஜ், 1918-ல் எஃப்.ஆர்.எஸ். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் காலமானார். அவருடைய நோட்டுகளிலும் முடிவுகள் மட்டும்தான். விட்டுப்போன ஸ்டெப்புகளை நிரப்பி அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது.