உயிர்க் காலேஜைத் தொடங்கிய டாக்டர்

சென்னையில் பழைய தலைமுறைக்கு இரண்டு காலேஜ்கள் தெரியும். ஒன்று செத்த காலேஜ். மற்றொன்று உயிர்க் காலேஜ். இரண்டிலும் பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் கட்டுச்சோற்று மூட்டையோடு, குழந்தை குட்டிகளோடு போவார்கள். காணும் பொங்கலன்று இரண்டிலும் கால் வைக்க இடம் இருக்காது.

செத்த காலேஜ் என்பது எழும்பூர் மியூசியம். உயிர்க் காலேஜ் என்பது மிருகக்காட்சி சாலை. அதுதான் இப்போது தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் இருக்கிறது.

இரண்டுக்கும் முதல் வாத்தியார் ஒருவரே. அவர் பெயர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர்.

கப்பலில் வந்த வாலிபர்

ஸ்காட்லாந்து நாட்டில் மாண்ட்ரோஸ் என்ற ஊரில் 1813-ம் ஆண்டு பிறந்தவர் பால்ஃபர். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். 1834-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 

வழியில் மொரீஷியஸ் தீவில் இறங்கினார். அங்கே காடுகளை வெட்டி அழித்ததால் மண்ணும் நீரும் கெட்டுப் போயிருந்தன. அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை.

சென்னை ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போனார். மற்ற துரைகள் ஓய்வு நேரத்தில் வேட்டைக்குப் போனார்கள். இவர் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். இந்த மொழி அறிவு பின்னால் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

கல்லைப் பார்க்க யார் வருவார்?

சென்னை இலக்கியச் சங்கத்திடம் சுமார் 1,100 கல், மண், தாதுப் பொருள்கள் சேர்ந்திருந்தன. அவற்றை வைத்து 1851-ல் ஒரு மியூசியம் தொடங்கினார்கள். பொறுப்பாளர் பால்ஃபர். ராணுவ வைத்திய வேலைக்கு மேல் இது கூடுதல் வேலை. இதற்கென்று தனிச் சம்பளம் இல்லை.

மியூசியம் முதலில் நடந்த இடம், கம்பெனி உத்தியோகஸ்தர்கள் படித்த காலேஜ் கட்டிடம். செத்த காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான் என்பார்கள். இடம் போதாமல் 1854-ல் எழும்பூருக்கு மாறியது.

பால்ஃபருக்கு ஒரு கவலை. பொருள்களைச் சேர்த்துப் பூட்டி வைப்பதால் என்ன பயன்? ஜனங்கள் வந்து பார்க்க வேண்டுமே! கல்லையும் சங்கையும் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? வயலில் வேலை செய்கிறவன், கூடை முடைகிறவள், இவர்களை எப்படி உள்ளே வரவழைப்பது?

அவர் செய்த யுக்தி எளிமையானது. மியூசியத் தோட்டத்தில் உயிருள்ள ஒரு புலியையும் ஒரு சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்தார்!

செய்தி ஊரெங்கும் பரவியது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். புலியைப் பார்க்க வந்தவர்கள் உள்ளேயும் நுழைந்து மற்றவற்றைப் பார்த்தார்கள். பால்ஃபர் எதிர்பார்த்ததும் அதைத்தான். அறிவு வேண்டுமா என்று கேட்டால் பலர் விலகிப் போய்விடுவார்கள். புலி வந்திருக்கிறது என்றால் யார் வீட்டில் இருப்பார்கள்?

நவாப் கொடுத்த மிருகங்கள்

அப்போது சேப்பாக்கம் அரண்மனையில் கர்நாடக நவாப் இருந்தார். அவர் பெயர் குலாம் கௌஸ் கான். அந்த வம்சத்தின் கடைசி நவாப் அவர்தான். அவரிடம் சொந்தமாக ஒரு மிருகக் கூட்டம் இருந்தது. அரண்மனைக்குப் போகிறவர்கள்தான் அதைப் பார்க்க முடியும்.

நவாப் அரண்மனை விவகாரங்களைக் கவனிக்கும் சர்க்கார் வேலையையும் பால்ஃபர் சில காலம் பார்த்தவர். பாரசீகம் தெரிந்தவர். அவர் நவாபிடம் எடுத்துச் சொல்லி, மிருகங்களை ஜனங்களுக்காகக் கேட்டுப் பெற்றார். இப்படி 1855-ல் மியூசியத் தோட்டத்தில் மிருகக்காட்சி சாலை பிறந்தது. அதே ஆண்டில் நவாப் இறந்தார். அவருக்கு வாரிசு இல்லை என்று சொல்லி, கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. மிருகங்கள் மட்டும் ஜனங்களின் சொத்தாகிவிட்டன.

மறு ஆண்டில் அங்கே 300-க்கும் அதிகமான மிருகங்களும் பறவைகளும் ஊர்வனவும் இருந்தன.

மரமும் மழையும்

பால்ஃபரின் மற்ற வேலைகளைச் சொல்லப் போனால் ஒரு புத்தகமே வேண்டும். மரம் குறைந்தால் மழை குறையும், மழை குறைந்தால் பஞ்சம் வரும் என்று 1840-களிலேயே சர்க்காருக்கு எழுதினார். இந்தியாவைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியத்தை 1857-ல் வெளியிட்டார். பிரசவ வைத்திய நூல் ஒன்றை இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அவர் சென்னை மாகாணத்தின் தலைமை வைத்திய அதிகாரியாக இருந்தபோது, 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் அவரே. பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்க்க ஆண் டாக்டருக்கு அனுமதி கிடைக்காத வீடுகள் ஏராளமாக இருந்த காலம் அது.

மறு ஆண்டு தாய்நாடு திரும்பினார். 1889 டிசம்பர் 8-ந் தேதி லண்டனில் காலமானார். வயது 76.

வண்டலூர் வந்த கதை

அவர் தொடங்கிய மிருகக்காட்சி சாலை 1863-லேயே எழும்பூரை விட்டு, சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிருந்தது. ஒரு நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் உயிர்க் காலேஜ். சுற்றிலும் நகரம் வளர்ந்தது. வண்டிகளின் இரைச்சலில் மிருகங்கள் தவித்தன. கூண்டுகளும் குறுகல்.

வண்டலூர் காப்புக் காட்டில் இடம் பார்த்தார்கள். அது முன்பு வெறும் புதர்க்காடு. சுற்றுவட்டார ஜனங்களும் துணைக்கு வர, ஆயிரக்கணக்கான கன்றுகள் நடப்பட்டன. 1985 ஜூலை 24-ந் தேதி முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர். மரமும் மழையும் பற்றி எழுதிய மனிதரின் மிருகங்களுக்கு மரத்தடியில் இடம் கிடைக்க 130 ஆண்டுகள் ஆயின!

பால்ஃபர் தனியாகப் பார்த்த வாத்தியார் வேலையை இப்போது வனத்துறையினர் பார்க்கிறார்கள். மிருகங்களைக் காப்பது பாதி வேலை. வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது மறுபாதி. எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை, குரங்குக்கு ஏன் முறுக்குப் போடக் கூடாது, தூங்கும் புலி மேல் ஏன் கல் எறியக் கூடாது என்று சலிக்காமல் சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இது லேசான வேலை அல்ல.

தாம்பரத்திலிருந்து வண்டலூருக்கு பஸ்ஸும் உண்டு, மின்சார ரெயிலும் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் உயிர்க் காலேஜுக்கு விடுமுறை.