ஒதுங்கிக்கொண்ட நீதிபதி



அரசியலமைப்புச் சட்டம் என்றதும் நமக்கு டாக்டர் அம்பேத்கர்தான் நினைவுக்கு வருவார். 1947-இல் அதற்கு முதல் வரைவு எழுதித் தந்த ஆலோசகர் பெனகல் நரசிங் ராவ். அந்த வேலைக்கு அவர் சம்பளமே வாங்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது அவர் கடைசியாகப் பார்த்த வேலையைப் பற்றி.

ராவ் பிறந்தது 26.2.1887. மங்களூர்ப் பக்கம். அப்போ அது சென்னை மாகாணம், அதனால் நம்ம ஊர்க்காரர்னே வெச்சுக்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்தார். ஐ.சி.எஸ். அதிகாரி, கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி, ஐ.நா.வில் இந்தியப் பிரதிநிதி என்று பல பதவிகள். 1952-இல் நெதர்லாந்தில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதி ஆனார்.

அங்கே மொத்தம் 15 நீதிபதிகள். நாடுகளுக்கு நடுவே வரும் வழக்கை விசாரிப்பார்கள். ஆனால் தீர்ப்பைக் கேட்காத நாட்டைப் பிடித்துவர அவர்களிடம் ஒரு போலீஸ்கூடக் கிடையாது! அப்புறம் யார் மதிப்பாங்க என்று சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் இந்த வழக்கைச் சொன்னார்.

1951-இல் ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை அரசுடைமை ஆக்கியது. எண்ணெய் எடுத்துவந்தது பிரிட்டிஷ் கம்பெனி. பிரிட்டன் நீதிமன்றத்துக்கும் போனது, ஐ.நா. பாதுகாப்பு சபையிலும் புகார் செய்தது. சபையில் அப்போது இந்தியாவுக்காக உட்கார்ந்திருந்தவர் ராவ். அடுத்த வருஷம் அதே விவகாரம் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது அவர் நீதிபதி. சபையில் ஏற்கனவே ஒரு நாட்டின் சார்பாக இருந்துவிட்டதால், இந்த வழக்கில் உட்காராமல் தானே ஒதுங்கிக்கொண்டார்.

கேட்டதும் எனக்குச் சுருக்குனு இருந்தது. போன மாசம் கோ-கோ போட்டியில் நான்தான் நடுவர். ஆடினது என் தங்கச்சி டீம். நம்ம ஏற்காட்டுப் பனிமூட்டம்தான் தெரியுமே, அதுக்குள்ளே ஒரு அவுட் தகராறு. நான் கண்ணால் பார்த்துத்தான் அவுட் இல்லைன்னு சொன்னேன். ஒருத்தியும் நம்பலை. எதிர் டீம் பிள்ளைகள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் சொன்னது சரிதான், இப்பவும் சொல்வேன். ஆனா அன்னைக்கு விசிலை நான் வாங்கியே இருக்கக் கூடாது.

22.7.1952-இல் தீர்ப்பு வந்தது. இந்த வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றார்கள் 9 பேர். இருக்கிறது என்றார்கள் 5 பேர். அந்த 9 பேரில் ஒருவர் மெக்நேர். அவர் பிரிட்டிஷ்காரர்! சொந்த நாட்டுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டிருக்கிறார்.

அங்கே ஒரு நீதிபதிக்கு 9 வருஷப் பதவி. ராவுக்கு இரண்டு வருஷம்கூட முழுசா கிடைக்கவில்லை. 30.11.1953-இல் சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் காலமானார். வரும் நவம்பர் 30 அன்று காலை வழிபாட்டில் அவரைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச டீச்சரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி