உங்க நாய்க்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நடனக் கலைஞர்: ருக்மிணி தேவி அருண்டேல் செய்த வேலை

உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருநாள் அறிவிப்பு வருகிறது: அடுத்த மாதத்திலிருந்து நாய்களை லிஃப்டில் ஏற்றக்கூடாது, புதிதாகக் குடி வருபவர்கள் செல்லப்பிராணி வளர்க்கக்கூடாது, பெரும்பான்மை வாக்கில் முடிவாகிவிட்டது. நீங்கள் கூகுளில் தேடுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் 1960ஆம் ஆண்டின் மிருகவதை தடுப்புச் சட்டத்திலும், அதன் கீழ் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்திலும் வந்து நிற்பீர்கள். எதிர்வீட்டு மாடியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாயைப் பற்றி யோசித்தாலும் வந்து சேரும் இடம் அதேதான்.

அந்தச் சட்டம் இந்தியாவுக்கு வந்ததற்கு முக்கியக் காரணமானவரை நம்மில் பலருக்குப் பரதநாட்டியம் என்ற ஒரே சொல்லோடுதான் தெரியும். ருக்மிணி தேவி அருண்டேல், கலாக்ஷேத்ராவை நிறுவியவர். பள்ளிப் புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் நீங்கள் ஆடாதவராக இருந்தாலும், வீட்டில் ஒரு பூனையோ நாயோ இருந்தால், அவருடைய இன்னொரு வேலை உங்களைத் தொட்டிருக்கிறது.

1904 பிப்ரவரி 29, மதுரை. அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர், பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தைச் சென்னை அடையாறுக்கே கொண்டுவந்துவிட்டார், சபையின் தலைமையகத்துக்குப் பக்கத்தில். இது சும்மா ஒரு முகவரி மாற்றம் இல்லை. அன்னி பெசன்ட் காலத்து அடையாறில் மரக்கறி உணவு, எல்லா உயிர்களுக்கும் இடையிலான உறவு, விலங்குகளை வைத்துச் செய்யும் பரிசோதனைகளுக்கு எதிர்ப்பு, இதெல்லாம் அன்றாடப் பேச்சு. வீட்டு ஆசாரமும் சபையின் கொள்கையும் ஒரே பக்கம் இழுத்த இடத்தில் வளர்ந்த பெண் அவர்.

1920ல் ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு 16 வயது. மாப்பிள்ளை ஆங்கிலேயர், இருபத்தைந்து வயது மூத்தவர். மயிலாப்பூர் கொதித்துப் போனது. 1928ல் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் அறிமுகம் கிடைத்தது. பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணியை, சொந்த மண்ணின் ஆட்டத்தைத் தேடிப் போகச் சொன்னவர் பாவ்லோவாதான். அந்தத் தேடல் சதிரில் போய் முடிந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935ல் அடையாறில், பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறினார். மறுவருடம் கலாக்ஷேத்ரா பிறந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. தேவதாசி மரபுக் குடும்பங்களின் கையில் இருந்த கலையை மேல்சாதி மேடைக்கு மாற்றி, சிருங்காரத்தைக் குறைத்து, அதற்குப் புதுச் சொந்தக்காரர்களை உண்டாக்கினார் என்ற விமர்சனம் அவர் மீது உண்டு. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி இந்தச் 'சுத்திகரிப்பை' ஏற்கவே இல்லை. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒன்றை வைத்திருப்பவருக்கு அதன் மீது என்ன பொறுப்பு என்ற கேள்வியை நாடாளுமன்றம் வரை கொண்டுபோனவரிடமே, இன்னொரு சொந்தம் பற்றிய கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது.

சரி, நாடாளுமன்றத்துக்கு வருவோம். 1952ல் முதல் மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமித்த 12 பேரில் ஒரே பெண் ருக்மிணி தேவி. அந்தப் பட்டியலில் இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார், நடிகர் பிருத்விராஜ் கபூர் இருந்தார். கலைக்காக உள்ளே அனுப்பப்பட்டவர் கலை பற்றிப் பேசுவார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவர் அடுத்த வருடமே தனிநபர் மசோதா ஒன்றோடு வந்தார். தலைப்பு, மிருகவதை தடுப்பு.

அப்போது சட்டமே இல்லையா என்று கேட்டால், இருந்தது. 1890ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது. அதன் கவனம் தெருவில் இருந்தது. அடிபடும் வண்டி மாடு, சுமை தாங்காத குதிரை, பொதுமக்கள் கண்ணில் படும் கொடுமை. விலங்கு என்றால் வீட்டு விலங்கு அல்லது பிடித்து அடைக்கப்பட்ட விலங்கு மட்டுமே.

இன்னொரு பக்கம் 1860ன் இந்திய தண்டனைச் சட்டம். அதன் 428ஆம் பிரிவு 10 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்கியது. 429ஆம் பிரிவில் யானை, குதிரை, மாடு போன்றவற்றுக்கும் 50 ரூபாய் பெறுமானமுள்ள மற்ற விலங்குகளுக்கும் தண்டனை கூடியது. அந்தக் கணக்கைக் கவனியுங்கள். உங்க நாயை யாராவது கொன்றால், சட்டம் பார்த்தது உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை. நாய்க்கு வலித்ததா என்பது அதற்குள் வரவே இல்லை. விலையே இல்லாத தெருநாய் எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ருக்மிணி தேவியின் மசோதா மாற்ற நினைத்தது இந்த அடித்தளத்தை. விலங்கு ஒருவருடைய சொத்தாக இருக்கலாம். ஆனாலும் அதற்கு வரும் வலி தனியாகக் கணக்கில் வரவேண்டும், சொந்தக்காரரே அந்த வலிக்குக் காரணமானாலும் கூட.

1954ல் மாநிலங்களவையில் விவாதம் சூடுபிடித்தது. பிரதமர் நேருவே எழுந்து பேசினார். நோக்கத்தைப் பாராட்டினார், அரசே ஒரு குழு அமைத்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுத்தார், மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். அவர் திரும்பப் பெற்றார்.

இது தோல்வியா? தரவு வேறு மாதிரி சொல்கிறது. 1952லிருந்து இன்றுவரை இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. கடைசியாக ஒன்று தேறியது 1970ல். அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினரின் மசோதா அப்படியே சட்டமாவது ஏறக்குறைய நடக்காத காரியம். அரசின் வாக்குறுதியை வாங்கிக்கொண்டு, அதை மறக்கவிடாமல் பின்தொடர்வதுதான் நடைமுறையில் வேலை செய்யும் வழி. குழு அமைந்தது, அறிக்கை வந்தது, அரசு மசோதா வந்தது. 1960 டிசம்பர் 26ல் அது சட்டமானது. 1953லிருந்து எண்ணினால் ஏழு வருடம்.

அந்தச் சட்டத்தில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் வரிகள் எவை? முதலில் விலங்கு என்ற சொல்லின் விளக்கம். மனிதர் அல்லாத எந்த உயிரினமும் விலங்குதான். விலை, இனம், வீடா காடா என்ற பேச்சே இல்லை. அடுத்தது 'உரிமையாளர்'. காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் இல்லை, அந்த நேரத்தில் யார் கையில் விலங்கு இருக்கிறதோ அவரும் உரிமையாளர்தான், அசல் சொந்தக்காரர் சம்மதித்திருந்தாலும் இல்லாவிட்டாலும். நீங்கள் கோவா போகும்போது நண்பர் வீட்டில் நாயை விட்டுச் செல்கிறீர்கள் என்றால், அந்த நான்கு நாள் அவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங் மையங்களுக்கும் இதே கதைதான்.

3ஆவது பிரிவு, பராமரிப்பில் விலங்கை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. வளர்ப்பது உரிமை என்று நாம் சண்டை போடுகிறோம். சட்டம் ஆரம்பிப்பது கடமையிலிருந்து.

11ஆவது பிரிவில்தான் குற்றப் பட்டியல். அடிப்பது, அளவுக்கு மேல் சுமை ஏற்றுவது என்று பழைய தெருக் காட்சிகள் முதலில் வருகின்றன. கொஞ்சம் கீழே போனால் வீட்டுக்குள் நுழைகிறது. நியாயமில்லாத நேரத்துக்கு, நியாயமில்லாத குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பது குற்றம். போதுமான உணவு, தண்ணீர், இருப்பிடம் தராமல் இருப்பது குற்றம். பசியாலோ தாகத்தாலோ தவிக்கும்படி கைவிடுவது குற்றம். லாக்டவுனில் வாங்கி, ஆபீஸ் திறந்ததும் ஹைவேயில் இறக்கிவிடப்பட்ட நாய்கள் நினைவுக்கு வருகிறதா? அந்த வரிதான் இது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவோ ஓடவோ விடாமல் இருப்பதும் குற்றம். மாட்டு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த 1960ன் இந்தியாவில் ஒரு நாயின் நடைப்பயிற்சியைச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.

29ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே. உரிமையாளர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, விலங்கு மறுபடியும் கொடுமைக்கு ஆளாகும் என்று தோன்றினால், நீதிமன்றம் அதன் உரிமையையே பறிக்கலாம். இனி விலங்கே வைத்துக்கொள்ளக்கூடாது என்றும் உத்தரவிடலாம். சொத்து என்ற எண்ணத்தில் விழுந்த பெரிய வெட்டு இது.

ஆனால் ருக்மிணி தேவி நினைத்ததெல்லாம் கிடைக்கவில்லை. உயிர்ப்பலியையும் விலங்குப் பரிசோதனையையும் அவர் கடைசிவரை எதிர்த்தவர். சட்டமோ, மதம் கோரும் முறையில் கொல்வதை 28ஆவது பிரிவில் குற்றத்திலிருந்து விலக்கியது. பரிசோதனையைத் தடை செய்யாமல், கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றதோடு நின்றது. தெருநாய்களைக் கொல்வதற்கும் விலக்கு இருந்தது. தண்டனை? 11ஆவது பிரிவில் முதல்முறை குற்றத்துக்கு உச்ச அபராதம் 50 ரூபாய். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரும்பாலான குற்றங்களில் போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாது. பல்லைப் பிடுங்கிவிட்டுக் கையில் கொடுத்த சட்டம் என்று சொன்னால் மிகையில்லை.

அவர் அதை வைத்துக்கொண்டே வேலை செய்தார். 1962ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தது, அவர் தலைவர். அதே வருடம்தான் கலாக்ஷேத்ரா அடையாறிலிருந்து திருவான்மியூருக்கு மாறியது. ஒரு பக்கம் நாட்டிய நாடகங்கள், மறுபக்கம் இறைச்சிக் கூடங்கள், சர்க்கஸ், பரிசோதனைக் கூடங்கள் பற்றிய கோப்புகள். 1977ல் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார். மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டு வென்றிருந்தால் பிரதிபா பாட்டீலுக்கு 30 வருடம் முன்பே ஒரு பெண் அந்த மாளிகையில் இருந்திருப்பார். 1986 பிப்ரவரி 24ல், 82 வயது நிறையச் சில நாட்கள் இருந்தபோது, சென்னையில் இறந்தார். அதுவரை வாரியத்தின் தலைவர் அவர்தான்.

அவர் போன பிறகு சட்டம் வேறு கைகளில் வளர்ந்தது. 2014ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 3, 11ஆவது பிரிவுகளை வைத்துத்தான் விலங்குகளின் உரிமை பற்றிப் பேசியது. தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தை 2023ல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது தனிக்கதை.

உங்க லிஃப்ட் பிரச்சினைக்கு வருவோம். குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கை வைத்துக்கூட செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று 2015ல் வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2021ல் கேரள உயர் நீதிமன்றம், அப்படித் தடை போடும் சங்க விதிகள் செல்லாது என்றே சொன்னது. ஆனால் இது சங்கத்துக்கும் உங்களுக்குமான விஷயம். வீட்டு உரிமையாளரோடு நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தனியாகப் பாருங்க. எதிர்ப்பக்கமும் காலியாக இல்லை. உங்க நாய் யாரையாவது கடித்து, அதற்கு உங்க அலட்சியம் காரணம் என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

விவாகரத்தில் நாய் யாருக்கு? அதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. குழந்தைக்கு 'கஸ்டடி' உண்டு, நாய் இன்னும் அசையும் சொத்துதான். 2023ல் மும்பையின் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்று, ஒரு பெண்ணுக்கு இடைக்கால ஜீவனாம்சம் வழங்கும்போது அவருடைய மூன்று நாய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. சட்டம் போகாத தூரத்துக்கு நீதிமன்றங்கள் அவ்வப்போது போய்ப் பார்க்கின்றன.

தண்டனைச் சட்டத்தின் அந்த 10 ரூபாய், 50 ரூபாய் கணக்கு 2024 ஜூலை 1ல்தான் ஒழிந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் விலை பேச்சே இல்லை, எந்த விலங்கைக் கொன்றாலும் ஊனமாக்கினாலும் ஐந்து வருடம் வரை சிறை. 1960ன் சட்டத்திலும் அபராதத்தை உயர்த்த 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்து கேட்டது.

புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் மனசில் இருக்கட்டும். இந்தச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்கு தொடங்க வேண்டும். மாடியில் கட்டிக் கிடக்கும் நாயைப் பார்த்தால் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்க. உங்க மாவட்டத்தின் மிருகவதை தடுப்புச் சங்கத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்க. வாரியத்துக்கும் அனுப்பலாம். அது 2018 வரை சென்னை திருவான்மியூரில் இருந்தது, இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இயங்குகிறது. பழைய சென்னை முகவரி இன்னும் பல இணையதளங்களில் கிடக்கிறது, அதற்கு அனுப்பிவிடாதீர்கள்.