சென்னைப் பறவைகளை வரைந்த லேடி க்விலிம்: 117 ஆண்டுகள் மறைந்து கிடந்த ஓவியங்கள், பெயரைக் காப்பாற்றிய பூ!

போட்டோ எடுக்கும் கருவியே இல்லாத காலம். 1801 முதல் 1807 வரை சென்னையில் வாழ்ந்த ஒரு பெண், இங்கே பறந்து திரிந்த பறவைகளை அச்சு அசலாக வரைந்து குவித்தார். அவற்றில் 121 ஓவியங்கள் இன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. வரைந்தவர் எலிசபெத் க்விலிம். ஆனால் நூறாண்டுக்கும் மேலாக அப்படியொரு ஓவியர் இருந்ததே பறவை ஆய்வாளர்களுக்குத் தெரியாது. ஏன்?

யார் இந்த எலிசபெத் க்விலிம்?

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் நகரில் 1763-ல் பிறந்தவர். அப்பா கட்டடக் கலைஞர். கணவர் சர் ஹென்றி க்விலிம் வழக்கறிஞர். 1801-ல் மெட்ராஸில் புதிதாக சுப்ரீம் கோர்ட் அமைக்கப்பட்டபோது, அதன் நீதிபதிகளில் ஒருவராக ஹென்றி நியமிக்கப்பட்டார். மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து தம்பதி இங்கே வந்து சேர்ந்தனர். எலிசபெத்தின் தங்கை மேரியும் கூடவே வந்தார். அவரும் ஓவியம் வரைவார்.

தெலுங்கு படித்த நீதிபதி மனைவி

இன்றைக்கும் திருத்தணி, ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் காதில் விழும். அன்றைய மெட்ராஸும் அப்படித்தான். வெள்ளைக்கார அதிகாரிகளின் மனைவிமார் விருந்து, நடனம் என்று பொழுதைப் போக்கிய காலத்தில், எலிசபெத் உட்கார்ந்து தெலுங்கு படித்தார். ஊர் வழக்கம், கோயில் திருவிழா, சாப்பாடு, துணிமணி என்று பார்த்ததையெல்லாம் அம்மாவுக்கும் இன்னொரு சகோதரிக்கும் கடிதமாக எழுதினார். மேரியும் எழுதினார். அந்தக் கடிதங்கள் இப்போது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் நான்கு தொகுதிகளாக இருக்கின்றன.

ஓவியங்களில் என்ன விசேஷம்?

அன்றைக்கு இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்கள் பலர், செடி கொடிகளையும் பறவைகளையும் உள்ளூர் ஓவியர்களை வைத்துதான் வரைந்து வாங்கினார்கள். எலிசபெத் தானே தூரிகை பிடித்தார். பறவை பிடிக்கும் உள்ளூர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவர்களின் பெயர்கள் எங்கேயும் பதிவாகவில்லை.

கழுகு, நாரை போன்ற பெரிய பறவைகளைக்கூட, நிஜத்தில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே வரைந்தார். இறகு அடுக்கு, அலகு, கால் நகம் எதையும் விடவில்லை. அமெரிக்காவின் ஜான் ஜேம்ஸ் ஆடுபன், பறவைகளை நிஜ அளவில் வரைந்த தன் புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிடத் தொடங்கியது 1827-ல். எலிசபெத் அதே வேலையைச் சென்னையில் 20 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்.

பூவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

எலிசபெத்துக்குச் செடிகள் மீதும் ஆசை அதிகம். அவருக்குத் தாவரவியலில் வழிகாட்டியவர் ஜான் பீட்டர் ராட்லர். தரங்கம்பாடிக்கு 1776-ல் வந்த ஜெர்மன் மொழி பேசும் மிஷனரி இவர். தமிழ் அகராதி தொகுத்த அதே ராட்லர்தான்! எலிசபெத் பூக்களையும் வரைந்தார், இங்கிருந்து விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

அந்த நட்புக்கு மரியாதையாக, மக்னோலியா வகைச் செடி ஒன்றுக்கு ராட்லர் இவரது பெயரால் க்விலிமியா என்று பெயர் வைத்தார். 1817-ல் சுவிட்சர்லாந்து தாவரவியலாளர் டி காண்டோல் தன் நூலில் அந்தப் பெயரை வெளியிட்டார்.

பிறகு ஏன் மறந்துபோனார்கள்?

1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதே காலகட்டத்தில் மெட்ராஸ் அரசு கொண்டுவந்த போலீஸ் ஏற்பாட்டை ஹென்றி க்விலிம் வெளிப்படையாகக் கண்டித்தார். அரசுக்கும் அவருக்கும் மோதல் முற்றியது. அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி லண்டனுக்குப் புகார் போனது.

இந்த நெருக்கடிக்கு நடுவில், 1807 டிசம்பரில் எலிசபெத் சென்னையிலேயே இறந்துபோனார். வயது 44. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு ஹென்றியும் மேரியும் இங்கிலாந்து திரும்பினார்கள்.

ஓவியங்கள் புத்தகமாக வரவே இல்லை. பறவை அறிவியலில் ஒரு கண்டுபிடிப்பு அச்சில் வந்தால்தான் கணக்கு. வரைந்து பெட்டியில் வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. அவருக்காகப் பேசவும் ஆள் இல்லை. லண்டனின் லின்னேயன் சங்கம் போன்ற அறிவியல் அமைப்பே 1904 வரை பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

எப்படி வெளியே வந்தது?

1924-ல் கேசி வுட் என்ற கண் மருத்துவர் லண்டனில் பழைய ஓவியக் கட்டு ஒன்றைப் பார்த்தார். பறவை நூல்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் அவர். பார்த்ததுமே மதிப்பு புரிந்து வாங்கி, மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். எலிசபெத் இறந்து அதற்குள் 117 ஆண்டுகள் ஓடியிருந்தன. ஓவியங்களையும் கடிதங்களையும் ஒன்றாக வைத்து ஆய்வாளர்கள் படிக்கத் தொடங்கியது இன்னும் பிற்பாடுதான். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சென்னையில் என்னென்ன பறவைகள் இருந்தன என்பதற்கு இவை இன்று நேரடி சாட்சி.

பறவைகள் பெட்டிக்குள் அடைந்து கிடந்த அத்தனை காலமும் எலிசபெத்தின் பெயர் புழக்கத்தில் இருந்தது தாவரவியல் நூல்களில் மட்டும்தான். நம் ஊர் செண்பகம் இடம்பெறும் மக்னோலியா பேரினத்தில், ஒரு பிரிவுக்கு இன்றைக்கும் க்விலிமியா என்றே பெயர்.