செவுளின் தொழில் கண்ட அறிஞர் ஆகுஸ்ட் குரோக்

டென்மார்க்கின் கடலோர நகரான கிரெனோவில் 1874ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தவர் ஆகுஸ்ட் குரோக். கப்பல் கட்டுநர் ஒருவரின் மைந்தரான இவர், கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் என்னும் பேராசிரியரிடம் உடலியங்கியல் பயின்றார். ஆய்வில் இவருக்குத் தோள்கொடுத்தவர் துணைவியார் மேரி. தசைகளின் நுண்குழல்கள் உழைப்புக்கேற்ப மிகுதியாகத் திறப்பதைக் கண்டமைக்காக 1920இல் நோபல் பரிசு இவரை நாடி வந்தது.

பரிசு பெற்ற பின்னும் அவர்தம் தேடல் ஓயவில்லை. அறுபதைக் கடந்த நிலையில் எளிய வினா ஒன்றை எழுப்பினார்: உப்பு மிகக் குறைந்த ஆற்றுநீரில் மீன் எவ்வாறு உயிர் வாழ்கிறது? நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரினும் பன்மடங்கு மிகுதி. எனவே செவுள் வழியே நீர் இடையறாது உட்புகும். உப்போ வெளியே கசியும். புகுந்த நீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இழந்த உப்பை ஈடுசெய்வது எது?

தங்கமீன்களைக் காய்ச்சி வடித்த நீரில் வைத்து உப்புக்குறை உண்டாக்கினார் குரோக். பின்னர் மீனின் தலை ஓர் அறையிலும் உடல் மற்றோர் அறையிலும் அமையுமாறு செய்து, இரண்டிலும் சிறிதளவே உப்புடைய நீரை நிரப்பினார். செவுள் இருந்த அறையிலேயே குளோரைடு குறைந்தது. செவுள் மூச்சுறுப்பு மட்டுமன்று, நீரிலிருந்து உப்பை ஈர்க்கும் உறுப்புமாம் என்பது புலனாயிற்று. இவ்வாய்வுகளைத் தொகுத்து 1939இல் நூலாக்கினார்.

நாஜிப் படையினர் நாட்டைப் பிடித்த காலத்தில் சுவீடனில் அடைக்கலம் புகுந்த அப்பெருமகனார், போருக்குப்பின் தாயகம் மீண்டு, 1949 செப்டம்பர் 13ஆம் நாள் மறைந்தார்.

அவர் கண்ட உண்மை பிற்காலத்தே பெரிதும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அமில மழையால் தெற்கு நார்வேயின் ஏரிகள் பல மீனற்றுப் போயின. அங்குள்ள நீரில் சுண்ணச்சத்து மிகக் குறைவு. செவுளின் செல்களை இறுகப் பிணைத்து உப்புக்கசிவைத் தடுப்பது அச்சத்தே. அது குறைந்த நீரில் அமிலமும், மண்ணிலிருந்து கரைந்த அலுமினியமும் செவுளைத் தாக்கின. உப்பிழந்து மீன்கள் மடிந்தன. காரணம் தெளிந்தபின், நீர்நிலைகளில் சுண்ணாம்பிட்டு மீனினத்தை மீட்க முற்பட்டனர்.

கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் மீனுக்கு நன்னீர் ஆகாது. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தி நிற்பது குரோக்கின் வாழ்வு எனலாம்.