மூளை மருத்துவர் இராமமூர்த்தி

மூளையைக் காக்க இயற்கை எழுப்பிய கோட்டை மண்டையோடு. அக்கோட்டையினுள் குருதி கசியுமாயின், காவலே கேடாய் முடிகின்றது. வெளியேற வழியற்ற குருதி மூளையை நெருக்குகின்றது. தியாகதுருகம் போன்ற சிற்றூர்களில் மரத்திலிருந்து விழுந்து நினைவிழந்தவரை, முன்னாளில் உற்றார் விதியின் கையில் விட்டுக் கண்ணீர் வடித்தனர். அந்நிலையை மாற்ற உழைத்த பெருமக்களுள் ஒருவர் டாக்டர் பா. இராமமூர்த்தி.

இவர் 1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் சீகாழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1947இல் எடின்பரோவில் அறுவை மருத்துவத்தின் உயர்பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவையில் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பினார். வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவை நிறுவியிருந்தார். மறு ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி அத்தகைய பிரிவைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் வேறு இருவருடன் கூடி இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர்.

அந்நாளில் எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியதேயன்றி, உள்ளிருக்கும் குருதிக்கட்டியைக் காட்டவில்லை. ஆதலின், அக்கதிரைத் தடுக்கும் மருந்தொன்றைக் கழுத்துத் தமனியில் செலுத்திப் படம் எடுப்பர். குருதிக்குழாய்கள் இடம் பெயர்ந்திருக்கும் பாங்கைக் கண்டு, கட்டி உள்ள இடத்தை உய்த்துணர்வர். நோயாளியின் கண்மணியும் வழிகாட்டும். ஒரு கண்மணி மட்டும் விரிந்தால், மூளையில் அழுத்தம் மிகுகின்றது என அஞ்சுவர்.

அபினியிலிருந்து பெறப்படும் மார்பின், கடுவலியால் துடிப்பவர்க்கு அருமருந்து. எனினும் அது கண்மணியைச் சுருக்கும், மயக்கந் தரும், அளவு மிகின் மூச்சையும் தளர்த்தும். தலையில் அடிபட்டவர்க்கு அதனைத் தந்தால், வலி தணியும்போதே ஆபத்தின் அறிகுறியும் மறைந்துவிடக் கூடும். ஆகவே, மூளை மருத்துவர் இரக்கத்தோடு விழிப்பையும் கைக்கொள்ள வேண்டியவராயினர்.

1971இல் இலண்டனில் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. இன்று அப்படத்தில் கசிந்த குருதி வெண்மையாய்த் தோன்றுகின்றது. சில நிமிடங்களில் இடமும் அளவும் விளங்கிவிடுகின்றன. இராமமூர்த்தி பணி தொடங்கியதோ அதற்கு இருபத்தோராண்டுகளுக்கு முன்பு! அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனையில் தொண்டைத் தொடர்ந்த அவர், 2003இல் மறைந்தார்.

மாணவர்களே! நல்ல கருவி வரட்டும் என்று அவர் காத்திருந்தாரா? இல்லை. கையிலிருந்த சிறு கருவியையும் கூர்ந்து நோக்கும் கண்ணையும் துணைக்கொண்டு உயிர்களைக் காத்தார். கருவி நாளுக்கு நாள் வளரும். அதனைக் கையாளும் மனிதனின் விழிப்பும் இரக்கமும் குன்றாதிருத்தல் வேண்டும்.