மில்லிமீட்டர் அலைகளின் முன்னோடி ஜகதீச சந்திர போஸ்

புது தில்லி: 2022-ம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவடைந்த 5-ஜி அலைக்கற்றை ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் விற்பனையானது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். 5 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொல்கத்தாவில் ஒரு சிறிய அறையில் உருவாக்கி ஆராய்ந்தவர் ஜகதீச சந்திர போஸ்.

இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30-ம் தேதி அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ், அரசு அதிகாரியாக இருந்தும் மகனை முதலில் வங்கமொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவிடம் பயின்று திரும்பிய போஸ், 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியருக்குத் தரப்பட்டதைவிடக் குறைந்த ஊதியமே அவருக்கு நிர்ணயிக்கப்பட்டது. அதை வாங்க மறுத்து மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிப் பாடம் நடத்தினார். இறுதியில் நிர்வாகம் பணிந்தது. முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது.

ஆய்வுக்கு வசதி ஏதுமில்லை. ஒரு தகரக் கொல்லரின் துணையுடன் கருவிகளைத் தாமே வடிவமைத்தார். ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. அவை ஒளியைப் போல வளைவதைக் காட்ட ஏறத்தாழ ஆளுயர முப்பட்டகம் தேவைப்பட்டது. அலையைச் சுருக்கினால் கருவியும் சுருங்கும் என்பதைப் போஸ் பயன்படுத்திக் கொண்டார். அவரது சாதனங்கள் ஒரு மேஜைக்குள் அடங்கின. ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே உலோகத் தகடு செருகி, ஒரே தளத்தில் அதிரும் அலைகளைப் பிரித்தார். முறுக்கிய சணல் கொண்டு அத்தளத்தைத் திருப்பிக் காட்டினார். அலைகளைத் திரட்ட அவர் பொருத்திய புனல் போன்ற குழாயே இன்றைய ஹார்ன் ஆண்டெனாவின் முன்வடிவம்.

1895-ல் கொல்கத்தா நகர மண்டபத்தில் கம்பியின்றி மணி ஒலித்தது, வெடிமருந்து பற்றியது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தமது கருவிகளை விளக்கினார்.

வானொலியையே மார்க்கோனி அவரிடமிருந்து பறித்தார் என்பது மிகைக்கூற்று. 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக்கைக் கடந்து சமிக்ஞை பெறப் பயன்படுத்திய பாதரச உணர்கருவி போஸின் வடிவமைப்பைச் சார்ந்தது என்ற வாதம் 1998-ல் ஆய்விதழில் வெளியானது உண்மையே. ஆனால் இருவரின் பாதைகள் வேறு. கடல் கடக்க நீண்ட அலைகளே உதவின. மில்லிமீட்டர் அலைகள் தொலைவு செல்லாதவை என்பதால் செய்தித்தொடர்புக்கு அவை நெடுங்காலம் அதிகம் நாடப்படவில்லை. குறைந்த அதிர்வெண்களில் நெரிசல் மிகுந்த பிறகே செல்பேசித் துறை அங்கு வந்தது. சுவரும் இலையும் மழையும் இன்றும் தடை. அதனால்தான் நெருக்கமாக நிலையங்கள் அமைத்து, பல சிறு ஆண்டெனாக்களை இணைத்து அலைகளைக் குறிப்பிட்ட திசையில் குவிக்க வேண்டியுள்ளது.

கண்டுபிடிப்பைக் காசாக்க அவர் விரும்பவில்லை. சாரா புல், சகோதரி நிவேதிதை ஆகியோரின் வற்புறுத்தலால், கலீனா படிக உணர்கருவிக்கு 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1904-ல் காப்புரிமை பெற்றார். அதையும் காலாவதியாக விட்டார். நண்பர்களுக்கு இது வருத்தமே அளித்தது.

பின்னர் தாவரங்களின் உணர்வுகளை ஆராயத் தொடங்கினார். 1917-ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ம் தேதி கிரிதியில் காலமானார். அவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ 2012-ல் வரலாற்று மைல்கல்லாக அங்கீகரித்தது.